வேண்டாமா என்று கேட்கும் பெட்டி

விளையாட்டுத் திரையில் எழும்புகிற கேள்விப் பெட்டிக்கு நிழல் வேண்டாம். முதலில் நிழலை எடுத்துவிடுவோம், நிழலுக்கென்று தனியாக ஒரு படம் ஏறுகிறது, மலிவு போன்களில் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் லாரி அரை விநாடி நின்றுவிடுகிறது, விளையாடுகிறவன் வண்டி மக்கர் பண்ணுகிறது என்று எங்களைத் திட்டி எழுதுகிறான். அப்புறம் மூலையில் இருக்கிற இந்தத் தங்கப் பூ. இதை யார் வைத்தது, நானேதான் வைத்திருப்பேன், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பொங்கல் சமயத்தில். அதையும் எடு. ஒரே ஒரு சின்னப் படம் போதும், அதை ஒன்பது துண்டாக வெட்டிக்கொண்டால் மூலை நான்கும் அப்படியே நிற்கும், நடுத்துண்டை எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம், சின்னக் கேள்விக்குச் சின்னப் பெட்டி, பெரிய கேள்விக்குப் பெரிய பெட்டி. எங்கள் மேலாளர் மெர்வின் சார் காலையில் வந்ததும் வராததுமாக என் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னது இவ்வளவுதான். "அறிவு, நம்ம கேம்ல கேள்வி கேக்குற பெட்டி மொத்தம் நாப்பத்தொண்ணு இருக்கு. நாப்பத்தொண்ணும் ஆளாளுக்கு இஷ்டத்துக்குச் செஞ்சது. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். லேசா இருக்கணும், எங்க வேணா தூக்கி வெக்கிற மாதிரி இருக்கணும். மூணு மணிக்கு நான் பாக்கணும்." சரி சார் என்றேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. விளையாடிக்கொண்டிருக்கும்போது திரையில் ஒரு பெட்டி எழும்பும், ஒரு கேள்வி கேட்கும், கீழே இரண்டு பொத்தான் இருக்கும், ஒன்றைத் தொட்டால் பெட்டி போய்விடும். பதினான்கு வருஷமாக இந்த மாதிரி பெட்டிகளைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். ஆனால் பத்து மணி ஐந்து நிமிஷத்துக்குக் கலாவிடமிருந்து வாட்ஸப் வந்தது. அதற்குப் பிறகு கை ஓடவில்லை.

கலா என் மனைவி. சித்ரகலா. பதினோரு வாரமாகப் புதுக்கோட்டையில் அவளுடைய அண்ணன் வீட்டில் இருக்கிறாள், மிருதுவையும் கூட்டிக்கொண்டு. மிருதுளாவுக்கு ஒன்பது வயது, அடுத்த வாரம் பள்ளி திறந்தால் ஐந்தாம் வகுப்பு. இந்தப் பதினோரு வாரத்தில் கலா எனக்கு எழுதியதெல்லாம் கேஸ் புத்தகம் பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது, மிருதுவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, தண்ணீர் மோட்டாரை மறக்காமல் அணைக்கவும், இப்படித்தான். கேள்வி என்று ஒன்றுகூடக் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டிருக்கிறாள். "மிருதுவுக்கு டி.சி. வாங்க வேண்டாமா?" நாலே சொல். நான் அவசரத்தில் திறந்துவிட்டேன், நீல டிக் விழுந்துவிட்டது, இனி பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. டி.சி. வாங்குவதென்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா. இங்கே திருச்சியில் அவள் படிக்கிற பள்ளியிலிருந்து பெயரை எடுத்து, அங்கே புதுக்கோட்டையில் சேர்ப்பது. அதை வாங்கிவிட்டால் 'கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்' என்ற பேச்சு முடிந்துபோகும். அக்கம்பக்கத்தில் நான் சொல்லிக்கொண்டு திரிகிற பொய்யும் முடிந்துபோகும். பிள்ளைக்கு அங்கே பள்ளி, அங்கே சிநேகிதிகள், அங்கே பரீட்சை, அப்புறம் எங்கே வருவது. சரி, கலா என்ன கேட்கிறாள்? வாங்க வேண்டாமா. மணி எட்டாச்சு, பள்ளிக்கூடம் போக வேண்டாமா என்று மிருதுவை எழுப்பினால் போயே ஆகவேண்டும், எழுந்திரு என்று அர்த்தம். அப்படிப் பார்த்தால் கலா என்னை எழுப்புகிறாள், வாங்கியே ஆகவேண்டும், இன்னும் என்ன தூங்குகிறாய் என்கிறாள். ஆனால் இலையை மூடும்போது ரசம் வேண்டாமா என்று கேட்பார்களே, அதற்கு அர்த்தம் வேறு. வேண்டும் என்று சொல்லேன், ஊற்றுகிறேன் என்பது. அப்படிப் பார்த்தால் அவள் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறாள், வாங்காதே என்று ஒரு சொல் சொன்னால் வாங்கமாட்டாள். இரண்டில் எது என்று அந்த எழுத்தில் இல்லை. நேரில் கேட்டிருந்தால் குரலில் தெரிந்திருக்கும். நேரில் கேட்டபோதெல்லாம் நான் என்ன கிழித்தேன் என்பது வேறு விஷயம்.

வேண்டாம் என்று அடித்தேன். அழித்தேன். அந்தச் சொல்லைத் தனியாகப் பார்த்தபோது பயமாக இருந்தது. கலா என்னிடமிருந்து அதிகம் கேட்ட சொல் அதுவாகத்தான் இருக்கும். மதியம் சாப்பாடு கொண்டுவந்து தரவா, வேண்டாம். மிருது ஆண்டு விழாவுக்கு லீவு போட முடியாதா, வேண்டாம் நீயே போய்விட்டு வா. டாக்டரிடம் போகும்போது கூட வரவா, வேண்டாம். எதை வேண்டாம் என்கிறேன் என்று ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது பதினோரு வாரம் கழித்து முதல் பதிலாக வெறும் வேண்டாம் என்று போனால் அவள் எதை எடுத்துக்கொள்வாள். டி.சி. வேண்டாம் என்றா, இந்தப் பேச்சே வேண்டாம் என்றா, நீங்கள் இரண்டு பேருமே வேண்டாம் என்றா. உன் இஷ்டம் என்று அடித்தேன், அதைவிடக் கேவலம், அழித்தேன். பேசலாமா என்று அடித்தேன். அதையும் அழித்தேன், ஏனென்றால் பேசலாம் என்று அவள் சொல்லிவிட்டால் பேச வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்தேன். திரையில் என் பெட்டி காத்துக்கொண்டிருந்தது. சோதனைக்காக வலது பொத்தானில் 'வேண்டாம்' என்று போட்டிருந்தேன், கடைசி ம் பொத்தானுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. தமிழில் இது ஒரு தொல்லை, இங்கிலீஷ்காரனுக்கு இரண்டு எழுத்தில் முடிகிற வேலைக்கு நமக்கு நான்கு எழுத்து, மேலே சுழி, கீழே வால், கூ என்று போட்டால் வால் வெட்டுப்படும், கீ என்று போட்டால் தலை வெட்டுப்படும். பொத்தானுக்கு அகலம் நான் வைக்கக் கூடாது, உள்ளே இருக்கிற சொல்தான் வைக்க வேண்டும் என்று மாற்றினேன். ம் உள்ளே வந்தது.

இந்த வேலையே இன்றைக்கு ஏன் என் தலையில் விழுந்தது என்றால் அதற்கும் நான்தான் காரணம். எங்களுடையது லாரி விளையாட்டு, லோடு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓட்ட வேண்டும், நாள் ஆக ஆக வண்டி பெரிதாகும், வண்டிக்குப் பெயர் வைக்கலாம், முன்னால் எலுமிச்சம்பழம் கட்டலாம். விளையாட்டை விட்டு வெளியே போகும்போது ஒரு பெட்டி வரும். "இதுவரை ஓட்டியதைச் சேமிக்க வேண்டாமா?" கீழே ஆம், இல்லை. அதை எழுதியவன் நான். இங்கிலீஷில் ஒரு வாக்கியம் இருந்தது, அதை அப்படியே திருப்பிப் போட்டேன், படித்துப் பார்த்தபோது தமிழாகத்தான் தெரிந்தது. பாதிப் பேர் 'ஆமாம், சேமிக்க வேண்டும்' என்று நினைத்து ஆம் என்று அமுக்கினார்கள். விளையாட்டு அதை 'ஆமாம், வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்துப் போட்டது. இல்லை என்று அமுக்கியவர்களுக்கும் அதே குழப்பம்தான். சோதனை பார்க்கிற ரெஜினா போன வாரம் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். யாரோ ஒரு நிஜ லாரி டிரைவர், நாமக்கல் பக்கம், லோடுக்குக் காத்துக்கிடக்கிற நேரத்தில் விளையாடுகிறவர். "நாற்பது நாள் ஓட்டிய வண்டி போச்சு சார். என் மகள் பேர் வைத்திருந்தேன். ஆமாம்னுதானே சார் சொன்னேன்." ரெஜினா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "பாவம்ணா, ஒழுங்காத்தான் பதில் சொல்லியிருக்காரு. கேள்விதான் சரியில்ல" என்றாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் பெயரை வைத்து ஒரு கிண்டலும் நடந்தது, அறிவழகன் எழுதிய கேள்விக்குப் பதில் சொல்ல நமக்கு அறிவு பத்தாது என்று. இன்றைக்குக் காலையில் கலாவின் செய்தியிலும் அதே 'வேண்டாமா'. அவள் எங்கள் விளையாட்டைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

நான் எழுதிய கேள்வியிலாவது இரண்டு பொத்தான் இருந்தது. கலா கேட்ட கேள்விகளுக்கு நான் வைத்திருந்தது ஒரே பொத்தான், ம். மார்ச் மாதம், மிருதுவுக்குப் பரீட்சை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்று மணி இருக்கும். அறைக்கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். எனக்கு ஒரு காதில் ஹெட்போன், திரையில் ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது, என்னவென்று இப்போது நினைவில்லை, அதுதான் கொடுமை, எதற்காக என்பதே நினைவில்லை. "நானும் மிருதுவும் கொஞ்ச நாள் புதுக்கோட்டைக்குப் போய் இருக்கவா, வேணாமா?" ம் என்றேன். ம் என்றால் கேட்கிறேன், சொல்லு என்று அர்த்தம். எனக்கு அதுதான் அர்த்தம். கதை சொல்கிறவருக்கு உம் கொட்டுகிறோமே, அந்த ம். அவளுக்கு என்ன அர்த்தமாக விழுந்ததோ. இருக்கவா என்பதற்கான ம் என்றா, வேணாமா என்பதற்கான ம் என்றா. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள் என்று நினைக்கிறேன், கதவில் அவள் நிழல் நகரவில்லை. அப்புறம் "சரி" என்றாள். பீரோ திறக்கிற சத்தம், மிருது எதற்கோ சிணுங்குகிற சத்தம், பக்கெட்டில் ஈரத்துணி விழுகிற சத்தம், எல்லாம் காதில் விழுந்தது, எதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. நாலரை மணிக்கு ஹெட்போனைக் கழற்றினால் வீட்டில் மின்விசிறி மட்டும் ஓடுகிறது. அடுப்பில் காபி மூடி வைத்திருந்தாள், ஆறிப்போயிருந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இருக்கவா வேணாமா என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் மனுஷன் எதற்கென்று பதில் சொல்வது, கேட்கிறதை ஒழுங்காகக் கேட்க வேண்டாமா. அந்தக் கோபத்திலேயே இரண்டு வாரம் ஓட்டினேன். கோபம் இருந்தவரைக்கும் சௌகரியமாக இருந்தது. அது தீர்ந்தபிறகு கையில் ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் இதே குறையை அவள் ஒரு காலத்தில் ரசித்தாள். நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தபோது போனில் பேசுவோம், அவள்தான் பேசுவாள். ஒருநாள் திடீரென்று, "என்னைப் பிடிச்சுத்தான் கட்டிக்கிறீங்களா, இல்ல வீட்டுல சொன்னாங்கன்னா?" என்றாள். நான் "ஆமா" என்றேன். அந்தப் பக்கம் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. "ஐயோ, எதுக்குங்க ஆமா? முதல் கேள்விக்கா, ரெண்டாவதுக்கா?" நான் "ரெண்டுக்கும்" என்றேன். அதற்கு இன்னும் சிரித்தாள். கல்யாணத்தன்று மணவறையில்கூட என் காதருகில் குனிந்து எதுக்குங்க ஆமா என்று கேட்டாள், புகையில் கண்ணில் நீர் வடிய இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்து ஐயர் முறைத்தார். முதல் கேள்விக்குத்தான் ஆமா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருஷத்தில் ஏதாவது ஒரு நாள் சொல்லியிருக்கலாம். அவளுக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன். தெரியும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், ஆனால் அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பதினொன்றரைக்கு டீ எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். கீழே ஸ்வீட் கடையில் பூந்தி பொரிக்கிற வாசனை, வெயிலோடு சேர்ந்து முகத்தில் அடித்தது. தில்லைநகர் கட்டடங்களுக்கு அந்தப் பக்கம் மிருதுவின் பள்ளித் தண்ணீர்த் தொட்டி தெரியும், நீலம் அடித்தது, நடந்தால் பத்து நிமிஷம். மூன்று வருஷமாகப் பத்து நிமிஷ தூரத்தில் பிள்ளை படித்தாள், சாயங்காலம் கூட்டிவர நான் போனது எத்தனை முறை என்று ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். போனைத் திறந்தேன். கலா பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று இருந்தது. புதுக்கோட்டை வீட்டில் இந்நேரம் சமையல் முடிந்திருக்கும், அவள் அண்ணி எதையாவது நறுக்கிக்கொண்டிருப்பாள், கலா போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நீங்க வாங்க என்று அடித்தேன். இது வீட்டுக்கு அழைக்கிற வாங்கவா, கடையில் வாங்குகிற வாங்கவா, டி.சி.யை வாங்க என்று படித்துவிட்டால்? சனியன் பிடித்த பாஷை என்று திட்டிவிட்டு அழித்தேன். பாஷையைச் சொல்லி என்ன பண்ணுவது, ஊர் முழுக்க இதில்தான் பேசி வாழ்கிறார்கள். பயம்தான். வா என்று நான் தெளிவாகச் சொல்லி, வரமாட்டேன் என்று அவள் தெளிவாகச் சொல்லிவிட்டால் அப்புறம் ஒளிந்துகொள்ள இடமில்லை. மங்கலாக இருக்கிறவரைக்கும் இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஏறிப் போய், பிஸ்கட் பாக்கெட்டும் கையுமாக மச்சினன் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, படிக்கிறாயா என்று கேட்டுவிட்டுத் திரும்புகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். அப்படி ஒருவன் ஆகிவிடுவேன் என்று நினைத்தபோது மிச்ச டீயை ஓரமாகக் கொட்டிவிட்டேன். பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அவசரமில்லை, மத்தியானத்துக்குள் நல்லபடியாக யோசித்து ஒரு பதில் எழுதிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

பெட்டி லேசாக இருக்கவேண்டுமென்றால் அதற்கு எதுவும் தெரிந்திருக்கக் கூடாது. இதுதான் ரகசியம். பழைய பெட்டிகள் கனத்ததே எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருந்ததால்தான், வண்டி விற்கிற பெட்டிக்கு வண்டியின் விலை தெரியும், டிரைவர் மாற்றுகிற பெட்டிக்கு டிரைவர் பெயர் தெரியும். புதுப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. யாரோ ஒரு கேள்வியையும் இரண்டு சொல்லையும் கொடுப்பார்கள், காட்டும், எதைத் தொட்டார்கள் என்று திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான், அதற்குப் பிறகு நடக்கிறது அதன் கவலை இல்லை. வேலை முடிந்ததும் அதை அழிக்கவும் கூடாது, அழித்துத் திரும்பச் செய்வதுதான் கனம், ஓரமாக மறைத்துவைத்து அடுத்த கேள்விக்கு அதையே கூப்பிட வேண்டும். சரி, ஒரே நேரத்தில் இரண்டு கேள்வி வந்தால்? டீசல் தீர்ந்துவிட்டது நிரப்பவா என்பதும், மழை வருகிறது தார்ப்பாய் போடவா என்பதும் சேர்ந்து வந்தால் வரிசையில் நிற்க வேண்டும், முதல் கேள்விக்குப் பதில் வந்தால்தான் அடுத்தது எழும்பும். எழுதிக்கொண்டே வந்தவன் அங்கே நின்றுவிட்டேன். கலாவின் கேள்விகள் எந்த வரிசையில் நின்றன. சாயங்காலம் சீக்கிரம் வருவீர்களா, அண்ணன் பையன் காதுகுத்துக்குப் போகிறோமா, மிருது கணக்கில் ஏன் அழுகிறாள் என்று உட்கார்ந்து பார்க்கிறீர்களா, எனக்கு ஏன் இப்படித் தலை சுற்றுகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் என் வேலை நின்றுகொண்டிருந்தது, அது முடியவே இல்லை, பின்னால் நின்றவை ஒவ்வொன்றாகக் கேட்காமலே போய்விட்டன. கடைசி ஒரு வருஷம் அவள் அதிகம் பேசவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது, வேலை ஓடுகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

பன்னிரண்டரைக்கு ரெஜினா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பெட்டியைச் சோதித்துப் பார்த்தாள். அவளிடம் இருக்கிறதிலேயே பழைய போனில்தான் எப்போதும் பார்ப்பாள், திரையில் குறுக்கே ஒரு விரிசல் இருக்கும். பெட்டி பட்டென்று எழும்பியது, லாரி நிற்கவில்லை. "சூப்பர்ணா, வழுக்கிட்டு வருது" என்றாள். அப்புறம் அவள் வழக்கப்படி ஏடாகூடமாக ஆரம்பித்தாள், பெட்டிக்கு வெளியே தொட்டாள், போனைத் திருப்பினாள், பின்னால் போகிற பொத்தானை அமுக்கினாள். "ரெண்டையும் தொடாம இப்படியே வெளிய போயிட்டா என்னண்ணா எடுத்துக்கும்?" பழைய பெட்டி அதை ஆம் என்று எடுத்துக்கொள்ளும். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணும் எடுத்துக்காது. பதில் வரலன்னா வரலன்னுதான் அர்த்தம். திரும்ப வந்தா திரும்பக் கேக்கும்" என்றேன். "அது கரெக்ட்" என்றாள். பிறகு இரண்டு விதி வைத்தோம். கேள்வி 'வேண்டாமா' என்று முடியக் கூடாது, முடிந்தால் பெட்டி ஏற்றுக்கொள்ளாமல் எழுதியவனுக்கே திருப்பி அனுப்பிவிடும். பொத்தானில் ஆம், இல்லை என்று போடக் கூடாது, செய்யப்போகிற வேலையை முழுதாக எழுத வேண்டும், 'சேமிக்கிறேன்', 'அழிக்கிறேன்', 'விற்கிறேன்', 'வைத்துக்கொள்கிறேன்' என்று. நாற்பத்தொரு கேள்வியையும் இரண்டு பேருமாக உட்கார்ந்து மாற்றினோம், ஒன்றிலும் குழப்பமில்லை, மடமடவென்று நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. எழுந்து போகும்போது ரெஜினா, "அண்ணி எப்பண்ணா வர்றாங்க? ஸ்கூல் தொறக்கப் போகுதே" என்று கேட்டாள். அவளுக்கும் அந்தப் பொய்யைத்தான் சொல்லிவைத்திருக்கிறேன். "வருவாங்க" என்றேன். சாப்பிடப் போகவில்லை. டப்பாவைத் திறந்தால் மெஸ் தயிர்சாதம் புளித்துப்போயிருந்தது, மூடிவைத்தேன்.

ஒன்றே முக்காலுக்குப் பெட்டியைக் கட்டி மெர்வின் சாருக்கு அனுப்பிவிட்டு போனைக் கையில் எடுத்தேன். யோசிக்காமல் அடித்தேன், யோசித்தால் அழித்துவிடுவேன். டி.சி. வாங்காதே கலா. நீயும் மிருதுவும் நம்ம வீட்டுக்கு வாங்க. அன்னிக்கு நீ கேட்டதுக்கு ம்னு சொன்னது போன்னு சொன்னதில்ல, நான் சரியா கேக்கவே இல்ல. நாளைக்குக் காலையில நானே வந்து கூட்டிட்டு வர்றேன். என்னைக் கேட்டா நீ வரணும். இவ்வளவு நீளமாக அவளுக்கு நான் எழுதியதே இல்லை. அனுப்பினேன். ஒரு டிக், இரண்டு டிக், உடனே நீலம். அவள் எழுத ஆரம்பித்தாள், நின்றாள், மறுபடி எழுதினாள். நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். முதலில் ஒன்று வந்தது. "வாங்கியாச்சுங்க." அப்புறம் கொஞ்சம் பெரிதாக இன்னொன்று. "காலையிலேயே திருச்சிக்கு வந்துட்டோம், பத்து மணிக்கு மிருது ஸ்கூல் ஆபீஸ்லதான் உட்கார்ந்து உங்களுக்குப் போட்டேன். ஒரு மணிக்கு மூடிடுவோம்னாங்க. மூணு மணி நேரம் பெஞ்சுலயே உட்கார்ந்திருந்தோம். நீங்க எழுதுறதும் நிறுத்துறதும் எனக்குத் தெரிஞ்சுட்டே இருந்துச்சு. வரும் வரும்னு பாத்தேன். கடைசியில அந்த அம்மா சாவியைக் கையில எடுத்துட்டாங்க. இப்ப பஸ்ல இருக்கோம்."

போன் போட்டேன். கலா எடுக்கவில்லை, மறுபடி போட்டேன், நாலாவது மணியில் எடுத்தார்கள். "அப்பா" என்றாள் மிருது. பஸ் இரைச்சல், கண்டக்டர் விசில், யாரோ கீரனூர் கீரனூர் என்று கத்துகிறார்கள், புதுக்கோட்டைக்குப் பாதி வழி போய்விட்டார்கள். அம்மாவிடம் கொடு என்றேன். போனைக் கையால் பொத்திக்கொண்டாள், இரைச்சல் அமுங்கியது. "அம்மா அப்புறம் பேசுறாங்களாம்ப்பா" என்றாள். பிள்ளையின் குரல் உற்சாகமாக இருந்தது, ஜன்னல் சீட் கிடைத்திருக்கும். "அப்பா, என் டி.சி. என் கையிலதான் இருக்கு. என் பேரு, உன் பேரு எல்லாம் போட்டிருக்கு. படிக்கட்டுமா?" படி என்றேன். தமிழில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மாணவரின் பெயர், தந்தையின் பெயர், பிறந்த தேதி, மச்ச அடையாளம், அதில் வலது முழங்கையில் என்று வந்ததும் தானே சிரித்துக்கொண்டாள். நடத்தை நன்று என்று வந்ததை இரண்டு தடவை படித்தாள். அப்புறம், "பள்ளியை விட்டு நீங்கும் காரணம்" என்று நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, "பெற்றோர் விருப்பம்" என்று படித்தாள். "அப்பா, இருக்கியா? பெற்றோர்னா நீயும் அம்மாவும் ரெண்டு பேருந்தானே?" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து கலா கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "ஆமாடா கண்ணு, ரெண்டு பேருந்தான்" என்றேன்.